சட்டிக்குள் எரிந்த பல்பு

செருப்பை ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

"அடிக்காதீங்ணா."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வேலுமணி திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் குரல் கலைந்து போய்விடும் என்று ஒரு பயம். நாற்பத்து மூன்று நாளாக அவன் தங்கை ராசம்மாள் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பிடு என்றால் இரண்டு வாய் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள். பேச்சு மட்டும் இல்லை. இப்போது தீவன அறை வாசலில் நின்று முழுசாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள்.

எதிரே சுவரில் இருந்தது அது. விரித்த உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. மரப்பட்டையை அப்படியே உரித்து உடம்பில் போர்த்தியது போல சாம்பல் நிறம், அதில் கோலம் போட்ட மாதிரி கறுப்பும் வெள்ளையும். காலெல்லாம் மயிர். குஞ்சுக் கொட்டகை போடுவதற்காகக் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து காலையில்தான் ஒரு லாரி மரம் இறக்கியிருந்தார்கள். பொந்து விழுந்த ஒரு கட்டையைத் தட்டியபோது இது விழுந்து ஓடி வந்து இங்கே ஏறியது. செருப்பைக் கண்டதும் முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கியது. அடிப்பக்கம் பளீரென்று மஞ்சள்.

வேலுமணி செருப்பைச் சத்தமில்லாமல் கீழே போட்டான். "சரி அம்மிணி. அடிக்கல."

திரும்பிப் பார்த்தபோது வாசலில் சேலை முந்தானையின் ஓரம் மட்டும் மறைந்துகொண்டிருந்தது.

அதைப் பிடிக்க அரை மணி நேரம் ஆனது. பெரிய போசிப் பாத்திரம் ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, குஞ்சுப் பெட்டியின் அட்டையைச் சுவரோடு சுவராக உள்ளே செருகி, வேர்த்து வழிய இறக்கி வைத்தான். அவன் மனைவி சென்னியம்மாள் பத்தடி தள்ளி விளக்குமாறும் கையுமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, இதைப் புடிச்சு வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"வளத்தப் போறேன்."

"கறிக்குங்களா, முட்டைக்குங்களா?"

வேலுமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "ராசம்மா பேசீட்டா, புள்ள" என்றான். சென்னியம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் ராசம்மாள். தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வீடுதான் பிறந்த வீடு. எட்டு மாதம் முடிந்து ஒன்பது தொடங்கியிருந்தது. ஐப்பசி மழை பெய்த ஒரு நாளில் வலி எடுத்து, நாமக்கல் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் புருஷன் செல்லமுத்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லர், அப்போது மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு பாறைக் கரட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தான். தந்தி அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. வண்டியை நடுக்காட்டில் விட்டுவிட்டு வர முதலாளி விடவில்லை. இன்லேண்ட் லெட்டர்களாக எழுதினான். தை பிறப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி. ராசம்மாள் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனால் சொந்தபந்தம் வந்தது. பரமத்தியிலிருந்து, மோகனூரிலிருந்து, ராசிபுரத்திலிருந்து, பஸ் பஸ்ஸாக வந்தது. வருகிற பெண்கள் எல்லாரும் நேராகத் தெற்கு அறைக்குள் போவார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவளைத் திருப்பி, தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "லைட்டப் போடு சாமி, மூஞ்சியே தெரியமாட்டீங்குது" என்பார்கள். நாலு பேர் சொன்னதும், சுவரில் இருந்த பல்பு போதாதென்று வேலுமணி நாமக்கல் போய் நூறு வாட் பல்பு ஒன்று வாங்கிவந்து அவள் தலைக்கு நேர் மேலே மாட்டினான். ஜன்னல் கதவுகளை விடிந்ததும் அவனே வந்து திறந்து வைத்தான்.

தப்பான எண்ணத்தில் செய்தது ஒன்றுமில்லை. எண்ணூறு லேயர், முட்டைக்கோழி, வைத்திருக்கிற மனிதன் அவன். கோழிக்காரனுக்கு வெளிச்சம்தான் சாமி. ஒரு கோழிக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் கிடைத்தால் முட்டை விழும், பன்னிரண்டாகக் குறைந்தால் கொண்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். குஞ்சு வந்து இறங்கிய முதல் மூன்று நாள் இருபத்து நாலு மணி நேரமும் பல்பு. அணைத்தால் பயந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செத்துவிடும். மோகனூர் ரோட்டில் விடிகாலையில் போகிற பஸ்காரர்கள், வேலுமணி பண்ணை லைட்டை வைத்துத்தான் மணி பார்ப்பார்கள். வெளிச்சம் படாத உயிர் தேறாது என்பது அவன் பதினைந்து வருட அனுபவம். தங்கையும் உயிர்தானே.

ஆக, எட்டுக்கால் பூச்சிக்கும் அதே வைத்தியம் ஆரம்பமானது.

காலியான ஆப்பிள் பெட்டி ஒன்றை எடுத்தான். முன்பக்கத்துக்குப் பழைய ஜன்னல் கண்ணாடி, மேலே கொசுவலைக் கம்பி. அடியில் உமி பரப்பினான். கம்பிவலைக்கு மேல் அறுபது வாட் பல்பு தொங்கவிட்டான். குஞ்சுக் கொட்டகையில் தொங்கும் தெர்மாமீட்டரைக் கழற்றி உள்ளே வைத்தான். குஞ்சு வளர்க்கிற அட்டவணைத் தாள் ஒன்றை ஆணியில் மாட்டினான். தேதி, சூடு, தீவனம், சாவு என்று நாலு கட்டம். முதல் வாரத்துக்குத் தொண்ணூற்றைந்து டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு ஐந்து குறைக்கலாம் என்பது குஞ்சுக் கணக்கு. அதையே எழுதினான். தீவனம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கரப்பான் ஒன்று' என்று எழுதினான்.

மறுநாள் மதியம் அவன் தீவனம் கலந்துகொண்டிருந்தபோது ராசம்மாள் வந்தாள். எதுவும் சொல்லாமல் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தாள். தெற்கு அறையை விட்டு அவளாக வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. வேலுமணி மண்வெட்டியைப் பிடித்தபடி மூச்சைக்கூட மெதுவாக விட்டான். ஒரு மணி நேரம் இருந்தாள். எழுந்து போகும்போது, "ஒண்ணும் திங்கலீங்ணா" என்றாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் ஒரு வாக்கியம். "மூலையிலயே நிக்குதுங்ணா." "காலை எல்லாம் இழுத்து வெச்சுக்கிச்சு." வேலுமணிக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அதற்காகவே பகல் முழுக்கத் தீவன அறையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டான். மனதுக்குள் ஒரு முடிச்சும் போட்டுவிட்டான். இது இருக்கிற மட்டும் அவள் வருவாள், பேசுவாள். செத்தால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். தை பிறக்கும்போது செல்லமுத்து வந்து நிற்பான். அவன் கையில் எதைக் கொடுப்பது?

ஆனால் பூச்சி தேறவில்லை. பல்புக்கு எதிர்மூலையில், முன்னங்கால்களை முகத்துமேல் மடித்து, ஒட்டிக்கொண்டு கிடந்தது. வேலுமணிக்கு இந்தப் பாஷை தெரியும். குஞ்சு பல்புக்கடியில் குவிந்தால் குளிர், பல்பை விட்டு விலகி ஓரத்தில் நின்றால் சூடு அதிகம், பரவலாகத் திரிந்தால் சரி. ஆகவே சூடு அதிகம் என்று முடிவு செய்து நாற்பது வாட் மாட்டினான். மூலையிலேயே இருந்தது. பல்பை ஒரு முழம் உயர்த்தினான். மூலைதான். இருபத்தைந்து வாட். அப்போதும் மூலைதான். மார்கழிக் குளிரில் பெட்டிக்குள் எழுபது டிகிரிக்கு இறங்கியதும் பயந்துபோய் மறுபடி அறுபதை மாட்டினான். அட்டவணையில் அடித்து அடித்து எழுதியதில் தாளே ஓட்டையானது. எட்டாம் நாள் பார்த்தால், வந்தபோது கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டிருந்த அதன் வயிறு காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கியிருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனான். கம்பவுண்டர் உபகாரசாமி அவனுக்குப் பழக்கம். சேலத்துக்காரர், கழுத்தில் சிலுவை, கோழிக் கழிச்சலுக்கு அவர் கலக்கிக் கொடுக்கும் மருந்துக்கு நல்ல கைராசி. எருமை ஒன்றுக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு ஈரக்கையோடு அப்படியே நின்றார்.

"ஏங்க வேலுமணி, அதுக்கு எட்டுக் காலு. எந்தக் கால்ல ஊசி போடச் சொல்றீங்க?"

"தமாசு பண்ணாதீங்க. சாகப் பாக்குது."

"செத்தா என்னங்க? ஊர்ல ஒரு விஷப்பூச்சி குறையும்."

வேலுமணி அட்டவணைத் தாளை நீட்டினான். உபகாரசாமி வாங்கிப் படித்தார். முகத்தில் சிரிப்பு ஏறிக்கொண்டே வந்தது. "தொண்ணூத்தஞ்சு டிகிரியா? நீங்க வெச்சிருக்கிறது பூச்சியா, வெள்ளை லெகார்ன் கோழிக்குஞ்சா?" என்றவர், எதிரே நின்றவனின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். வேலுமணி தங்கையைப் பற்றிச் சொன்னான். நாலே வரிதான் சொன்னான். கம்பவுண்டர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா வயிறு சுருங்குதுன்னா அது சூட்டு நோவு இல்ல. தண்ணி வத்திப்போச்சு. தண்ணி இல்லாத குஞ்சுக்குக் காலு சுருங்குறதப் பாத்திருப்பீங்கல்ல? இதுல தண்ணிக்குன்னு ஒரு கட்டமே காணமே. முதல்ல ஈரத்தைக் குடுங்க."

வேலுமணி வீட்டுக்கு வந்து ஈரத்தைக் கொடுத்தான். கொடுத்தான் என்றால், கோழிக்காரன் கொடுக்கிற மாதிரி கொடுத்தான். கோணிச் சாக்கைத் தொட்டியில் முக்கி எடுத்து நாலு பக்கமும் சுற்றினான். உமியில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினான். மேலே அறுபது வாட் பல்பு. இரண்டே நாளில் பெட்டி இட்லிப் பானை ஆகிவிட்டது. கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே இருப்பதே தெரியவில்லை. மூன்றாம் நாள் உமியில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தது. பூச்சி அந்த ஈரத்திலிருந்து தப்பித்து மேல் மூலைக்கு ஏறியது. அங்கே பல்பின் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. இறங்கியது. மறுபடி ஏறியது. அப்புறம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அன்று ராசம்மாள் வரவில்லை.

மதியம் ஆனது, கோழிக்குத் தண்ணீர் மாற்றியாயிற்று, முட்டை பொறுக்கியாயிற்று. தவிட்டு மூட்டைமேல் அவள் இடம் காலியாகக் கிடந்தது. வேலுமணி தெற்கு அறை வாசலுக்குப் போனான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைக்கு மேல் நூறு வாட் பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. காலையில் வந்துவிட்டுப் போன மோகனூர் அத்தை போட்டது.

"அம்மிணி, பூச்சியப் பாக்க வரலியா?"

அவன் நிலைப்படியில் உட்கார்ந்தான்.

"சாகறதப் பாக்கறதுக்கு எதுக்கு வரோணும்?" என்றாள் சுவரிடம்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணீட்டேன், கண்ணு. சூட்டக் குறைச்சேன், ஏத்துனேன், தண்ணி ஊத்துனேன். இனி என்ன பண்றதுன்னு தெரியல. உனக்கு எதாச்சும் தெரிஞ்சா சொல்லு. எனக்கு நெசமாவே தெரியல."

அவன் அப்படி யாரிடமும் கேட்டதில்லை. அவளிடம் மட்டுமல்ல, பெண்டாட்டியிடம்கூடக் கேட்டதில்லை. ராசம்மாள் மெதுவாகத் திரும்பினாள். முழங்கையை மடித்துக் கண்ணை மறைத்துக்கொண்டுதான் திரும்பினாள்.

"அந்த பல்ப அணைங்ணா."

"அணைச்சா குளிருமே. மார்கழியல்லோ."

"சூடு வேற, வெளிச்சம் வேறங்ணா."

பதினைந்து வருடத்தில் வேலுமணி சூட்டையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக நினைத்ததே இல்லை. அவனுக்கு இரண்டும் ஒரே சுவிட்சில் வருகிறவை. பல்பைப் போட்டால் சூடு, அணைத்தால் குளிர். விலகி விலகிப் போன பூச்சி சூட்டை விட்டு விலகுகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

"அது பொந்துல இருந்த உசுரு" என்றாள் ராசம்மாள், கண்ணை மறைத்தபடியே. "பொந்துக்குள்ள எங்கீங்ணா லைட்டு? அது இருந்த கட்டை எங்க?"

கட்டை. வேலுமணி துள்ளி எழுந்தான்.

பொந்து விழுந்த கட்டை கொட்டகைக்கு உதவாது என்று அன்றைக்கே ஒதுக்கிப் போட்டிருந்தான். ஒதுக்கிப் போட்டது எங்கே போகும்? கொல்லைப்புறம் ஓடினான். வெந்நீர் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பு வாயில் நீட்டியிருந்தது அந்தக் கட்டை. பாதிக்கு மேல் எரிந்து கங்காகியிருந்தது. வெறுங்கையால் பிடித்து இழுத்து, அண்டாவிலிருந்த வெந்நீரையே மொண்டு ஊற்றினான். புகையில் இருமிக்கொண்டே வந்த சென்னியம்மாள், "குளிக்கறதுக்கு வெச்ச தண்ணியுங்க அது" என்றாள். "நாளைக்குக் குளிச்சுக்கலாம்" என்றான் அவன். ஒன்றரை அடி மிஞ்சியிருந்தது. நல்லவேளை, பொந்து இருந்த பக்கம்.

கட்டை ஆற ஒரு நாள் விட்டு, கரியைச் செதுக்கி எறிந்துவிட்டுப் பெட்டியைப் புதிதாகக் கட்டினான். இந்தத் தடவை ராசம்மாள் தவிட்டு மூட்டையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவன் செய்தான். பூஞ்சணம் பிடித்த உமியைக் கொட்டிவிட்டுச் செம்மண் பரப்பினான். ஒரு பாதியில் மட்டும் தண்ணீர் தெளித்து ஓட்டுச்சில்லில் கொஞ்சம் தண்ணீர் வைத்தான். மறுபாதி காய்ந்த மண். "ரெண்டும் இருக்கட்டுங்ணா. எது வேணுமோ அதுவே போய்க்கும்" என்றாள். பக்கவாட்டில் காற்று போக ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டான். கட்டையைப் படுக்கப் போடாமல், மரம் நின்றபடியே நிற்க வைத்தான்.

சூட்டுக்கு என்ன செய்வது என்பது மட்டும் அவன் வேலை. யோசித்து யோசித்துச் சமையலறையிலிருந்து சின்ன மண்சட்டி ஒன்றை எடுத்துவந்தான். காய்ந்த பக்கத்து மூலையில் ஒரு ஓடு போட்டு, இருபத்தைந்து வாட் பல்பை அதன்மேல் ஹோல்டரோடு வைத்து, சட்டியைக் கவிழ்த்து மூடினான். வயர் போகிற இடத்தைக் களிமண் வைத்து அடைத்தான். சுவிட்சைப் போட்டான். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கீற்று வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. கால் மணி கழித்துச் சட்டியின்மேல் கையை வைத்துப் பார்த்தான். அப்போதுதான் இட்ட முட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் எழுபத்தெட்டில் போய் நின்றது. அசையவே இல்லை.

"நீயும் தொட்டுப் பாரு, அம்மிணி."

அவள் தொட்டாள். கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு கரப்பானைப் போட்டுவிட்டுப் பூச்சியை உள்ளே விட்டார்கள். தள்ளாடித் தள்ளாடிக் கட்டைமேல் ஏறிப் பொந்துக்குள் போனது. ராசம்மாள் ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"மூணு நாளைக்கு யாரும் பாக்கப்படாது."

அந்த மூன்று நாள்தான் வேலுமணிக்குப் பெரும்பாடு. பார்க்காமல் வளர்ப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. கோழி என்றால் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும், கொண்டையைப் பார்க்க வேண்டும், எச்சத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்ட நாளில்தான் சாவு விழும். முதல் நாள் மூன்று தடவை கதவு வரைக்கும் போய்ச் சுவிட்சில் கையை வைத்துவிட்டுத் திரும்பினான். இரண்டாம் நாள் சென்னியம்மாளே அவனைப் பிடித்துவிட்டாள். "ஏனுங்க, மொத மொத என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இத்தனை தவிச்சிருக்க மாட்டீங்க." அட்டவணைத் தாளில் அந்த மூன்று தேதிக்கும் எதிரே எல்லாக் கட்டமும் காலியாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. லேயர் கொட்டகையில் ஒரு மூலை உண்டு. ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்கிக்கொள்கிற கோழிகளை அங்கே தனியாக அடைத்து, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய பல்பைப் போட்டுவைப்பான். அந்த வெளிச்சத்தில் கோழிக்கு ரத்தம் கண்ணில் படாது, சண்டை நின்றுவிடும். மனுஷன் கண்ணுக்கு வேண்டியது தெரியும். கழற்றிக்கொண்டு வந்தான். வாசலில் ராசம்மாள் நின்றிருந்தாள். பல்பைப் பார்த்தாள். தலையை அசைத்தாள்.

மங்கலான சிவப்பில் அறை அடுப்புக் கங்கு போல இருந்தது. இருவரும் தவிட்டு மூட்டைகளில் உட்கார்ந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மண்ணில் கரப்பானின் இறக்கை ஒன்று கிடந்தது தெரிந்தது. இறக்கை மட்டும். வேலுமணி அவள் கையைப் பிடித்தான். பொந்தின் வாயில் முதலில் ஒரு கால் வந்தது, பிறகு இன்னொன்று. அப்புறம் ஆள் முழுசாக வெளியே வந்து, கட்டையில் தலைகீழாக இறங்கி, ஓட்டுச்சில்லின் விளிம்பில் வாயை வைத்து அசையாமல் நின்றது. தண்ணீர் குடிக்கிறது. வயிறு ஊறவைத்த சுண்டல் போல் பருத்திருந்தது.

"அவனோட மூஞ்சிய நான் பாக்கவே இல்லீங்ணா" என்றாள் ராசம்மாள்.

வேலுமணி பிடித்த கையை விடவில்லை.

"துணியச் சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. என்னை ஒருக்காப் பாக்க உடல. அன்னீலருந்து என்ற மூஞ்சிய மட்டும் ஊரே வந்து பாத்துட்டுப் போகுது."

சிவப்பு வெளிச்சத்தில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. அவன் திரும்பி அதைப் பார்க்க முயலவில்லை. பூச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மூக்கு உன்ற மூக்கு மாதிரி இருந்துச்சு" என்றான். "நான்தான தூக்கிட்டுப் போனேன். பாத்தேன். தலை நிறைய முடி."

அவள் அழுதாள். சத்தமாக அழுதாள். ஐப்பசியிலிருந்து அழாத அழுகை. பூச்சி ஒரு தரம் காலை இழுத்துக்கொண்டது. பிறகு மறுபடி தண்ணீர் குடித்தது.

அன்றைக்கு இருட்டுவதற்குள் வேலுமணி ஸ்டூல் போட்டு ஏறித் தெற்கு அறையின் நூறு வாட் பல்பைக் கழற்றினான். சூட்டில் விரல் பொசுங்கியது. துண்டில் சுற்றிக் கோழிக் கொட்டகைக்குக் கொண்டுபோய் மாட்டினான். மறுநாள் மூச்சு வாங்க வந்து இறங்கிய மோகனூர் அத்தையை வாசலிலேயே நிறுத்தினான். "அவ தூங்கறா அத்தை. காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க. பஸ்சு வந்துரும்." அத்தை காப்பியைக் குடித்துவிட்டு, இவனுக்கு என்ன வந்துவிட்டது என்று சென்னியம்மாளிடம் கேட்டாள். "எட்டுக்காலு கடிச்சுப்போடுச்சுங்க" என்றாள் சென்னியம்மாள், முகத்தை மாற்றாமல்.

பெட்டி தெற்கு அறைக்குப் போனது, சிவப்புத்தாள் சுற்றிய பல்பும் கூடவே போனது. அட்டவணைத் தாளும் போனது. இப்போது அதை ராசம்மாள் எழுதினாள். சூடு எழுபத்தெட்டு. தண்ணீர் என்று புதிதாக ஒரு கட்டம். சாவு என்ற கட்டத்தின் தலைப்பைப் பேனாவால் அடித்திருந்தாள். அதில் ஒன்றும் எழுதவில்லை, காலியாக விட்டிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் அவளாக வெளியே வந்து அடுப்படியில் சென்னியம்மாளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். பிரிக்காமல் கிடந்த இன்லேண்ட் லெட்டர்கள் ஒருநாள் பெட்டிக்குப் பக்கத்தில் பிரித்து அடுக்கியிருந்தன.

போகி அன்று காலை பத்து மணிக்கு மோகனூர் பஸ்ஸிலிருந்து செல்லமுத்து இறங்கினான். நேராக ரிக் வண்டியிலிருந்தே வந்திருந்தான். தலைமயிர், புருவம், சட்டை எல்லாம் பாறைப்பொடி. ஒரே ராத்திரியில் நரைத்துப்போனவன் மாதிரி இருந்தான். கையில் ஒரு துணிப்பை. வேலுமணியைப் பார்த்ததும் "மச்சான்" என்றான்.

"உள்ளதான் இருக்குது மாப்ள. போங்க."

செல்லமுத்து தெற்கு அறை வாசலில் போய் நின்றான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பகலே இல்லை, மங்கலான சிவப்பு இருட்டு. பழக்கத்தில் அவன் கை நிலைக்குப் பக்கத்தில் சுவிட்சைத் தேடித் தடவியது. வேலுமணி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"லைட்டப் போடாதீங்க. செருப்பக் கழட்டிப்போட்டு மெதுவா உள்ள வாங்க."

செல்லமுத்துவின் கை சுவிட்சிலிருந்து இறங்கியது. குனிந்து செருப்பைக் கழற்றினான். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

வேலுமணி அங்கேயே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, சட்டியைத் தொட்டுப் பாருங்க என்று அவள் சொல்வது மட்டும் கேட்டது. வாசலில் இரண்டு செருப்பு, பாறைப்பொடி படிந்து வெள்ளையாக. கதவுக்கு அடியிலிருந்து நூல் அளவுக்குச் சிவப்பு வெளிச்சம் கசிந்து வந்து அவற்றின் மேல் விழுந்திருந்தது.